கிணற்றுக்குள் எத்தனை வெயில்?

புத்தூருக்குப் பக்கத்தில், நவக்கிரியில் இருக்கிறது நிலாவரைக் கிணறு. வாப்பா என்னை முதன்முதலாக அங்கே கூட்டிப்போனபோது எனக்கு வயது ஒன்பது. "அடி இல்லாத கிணறு மகன். இதில ஒரு தேசிக்காயைப் போட்டா கீரிமலைக் கேணியில போய் மிதக்குமாம்" என்றார். எட்டிப் பார்த்தேன். மேலே பச்சை, கொஞ்சம் கீழே நீலம், அதற்குக் கீழே கறுப்பு. அந்தக் கறுப்பைத்தான் அடியில்லாமை என்று நம்பினேன்.

1990 ஒக்டோபரில் நாங்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டோம். புத்தளத்தில் படித்து, விஞ்ஞானம் படிப்பிக்கும் வாத்தியாராகித் திரும்பி வந்த பிறகுதான் அந்தக் கறுப்பின் கதை விளங்கியது.

நிலாவரைக்கு அடி உண்டு. சுண்ணாம்புக் கல்லை மழைநீர் கரைத்துக் குடைய, கூரை இடிந்து உண்டான பள்ளம் அது. ஆழம் நூறு அடிக்கு மேல். அடி தெரியாததற்குக் காரணம், வெயில் அவ்வளவு தூரம் இறங்காததுதான்.

வெயிலின் சக்தியில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர்கள். தண்ணீரின் முதல் ஒரு மீற்றருக்குள்ளேயே அவை அநேகமாக முடிந்துவிடும். தெளிந்த நீரிலும் பத்து மீற்றருக்குள் சிவப்பு பெரும்பாலும் மறையும். பிறகு மஞ்சளும் பச்சையும் குறையும். நீலம் மட்டும் தூரம் போகும். ஆழ்கடலில் 200 மீற்றருக்குக் கீழே செடி வளர ஒளி போதாது. 1000 மீற்றருக்குக் கீழே வெயிலே இல்லை. கிணற்றுக்கு வாய் ஒடுக்கம் என்பதால் உச்சிவேளை கழிந்தால் நேர்வெயிலும் கிடையாது.

ஒளி நிற்கும் இடத்தில்தான் சூடும் நிற்கும். சூடான நீர் பாரம் குறைந்தது, மேலேயே மிதக்கும். நம்மைச் சுற்றியுள்ள பாக்குக் கடல் பெரும்பாலும் பதினைந்து மீற்றருக்குள்தான். அங்கே காற்றும் அலையும் மேலையும் கீழையும் கலக்கிவிடுவதால் சூடு ஏறத்தாழ ஒரே அளவு. கிணற்றுக்குள் காற்று இறங்காது. அடுக்கு அடுக்காகவே நிற்கும்.

"கிணத்துத் தண்ணி மாரியில சுடும், கோடையில குளிரும்" என்று உம்மா சொல்வா. உண்மையில் அது இரண்டும் செய்வதில்லை. சில மீற்றர் ஆழத்தில் நிலம் பருவத்தை அறியாது. யாழ்ப்பாணத்தின் ஆண்டுச் சராசரியை ஒட்டி 28 பாகை அளவிலேயே இருக்கும். மார்கழி விடியலில் காற்று குளிர்வதால் தண்ணீர் சுடுவதுபோல் படுகிறது. சித்திரை வெயிலில் அதே தண்ணீர் குளிர்கிறது. மாறுவது நம் உடம்புதான்.

நிலாவரையில் இன்னொரு அடுக்கும் உண்டு: மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். உப்புநீர் பாரம் கூடியது; அதன்மேல் மழைநீர் மிதக்கிறது. குடாநாடு முழுவதற்கும் இதுதான் கதை. இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கடல்நீரின்மேல் மிதந்து நமக்குக் குடிநீராகிறது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நல்ல தண்ணீர் கடல்மட்டத்துக்கு ஓரடி மேலே நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே நாற்பது அடிவரை நிற்கும். இறைத்து இறைத்து அந்த ஓரடியைக் குறைத்தால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறிவரும். துலாவாலும் கைவாளியாலும் அள்ளியவர்கள் மேலடுக்கை மட்டும் தொட்டார்கள். மோட்டருக்கு அந்தப் பொறுமை கிடையாது.

சோனகத் தெருவில் எங்கள் வீடு கூரையில்லாமல் கிடந்தது. கிணறு மட்டும் அப்படியே இருந்தது. தூர் வாரி, முதல் வாளியை அள்ளிக் குடித்துப் பார்த்தேன். உப்பில்லை. இத்தனை வருசம் அதை யாரும் இறைக்கவில்லை. மழை மட்டும் தன் வேலையைச் செய்திருந்தது. அயலில் எல்லாரும் மோட்டர் பூட்டிவிட்டார்கள். நானும் பூட்டினேன். ஆனால் குழாயை அடிவரை விடவில்லை; தாங்கி நிறைந்ததும் நிறுத்திவிடுவேன். மகள் ஒருநாள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "வாப்பா, இதுக்கு அடி இருக்கா?"

"இருக்கு மகள். ஆனா நமக்குச் சொந்தம் மேல இருக்கிற கொஞ்சந்தான்" என்றேன்.