தாராவிச் சந்துகளில் பால்வாடி

மும்பைத் தமிழர் வாழ்க்கை – தொடர்

தாராவியின் அங்கன்வாடி பெரும்பாலும் ஒற்றை அறைதான். வீட்டுக்காரர் மேலே குடியிருக்க, கீழே வாடகைக்கு எடுத்த பத்துக்குப் பத்து இடம். சில சந்துகளில் இரும்பு ஏணி ஏறிப் போகவேண்டிய மாடி அறைகூட உண்டு. சுவரில் எழுத்தும் எண்ணும் போட்ட படங்கள், மூலையில் எடைக் கருவி, அலமாரி நிறையப் பதிவேடுகள், தரையில் விரித்த பாயில் மூன்று முதல் ஆறு வயதுவரையான குழந்தைகள். தமிழ்க் குடும்பங்களுக்கு இது இன்றும் பால்வாடிதான், நடத்துபவர் டீச்சர். அரசு ஏட்டில் அவர் சேவிகா, அவருக்குத் துணையாக இருப்பவர் மதத்னீஸ். இருவரும் பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பெண்களே. எந்த வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறார், எந்தக் குழந்தைக்கு ஒரு வாரமாக வயிற்றுப்போக்கு என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

அங்கன்வாடி என்ற எண்ணம் மராட்டிய மண்ணில் பிறந்தது. மும்பையில் 1892இல் பிறந்த தாராபாய் மோடக், மாண்டிசோரி முறையை இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்ப மாற்ற முயன்ற கல்வியாளர். 1945இல் மும்பைக்கு வடக்கே போர்டி என்ற கடலோர ஊரில் அவர் வேலையைத் தொடங்கினார். ஏழை வீட்டுக் குழந்தை பள்ளிக்கு வராதபோது, பள்ளியே அந்தக் குழந்தையின் வீட்டு முற்றத்துக்குப் போனது. மரத்தடியிலும் திண்ணையிலும், கையில் கிடைத்த இலை, கூழாங்கல், விதைகளைக் கொண்டே பாடம் நடந்தது. அவருடைய மாணவி அனுதாய் வாக் அந்த வேலையைக் கோஸ்பாட் மலைப்பகுதிப் பழங்குடிக் குழந்தைகளிடம் கொண்டுசென்றார்.

முப்பது ஆண்டுகள் கழித்து மத்திய அரசு அதையே நாடு தழுவிய திட்டமாக எடுத்துக்கொண்டது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 இடங்களில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. அவற்றில் ஊரகம் 18, பழங்குடிப் பகுதி 11. நகரச் சேரிகளுக்குக் கிடைத்தவை நான்கே. அந்த நான்கில் ஒன்று தாராவி. நெருக்கடியும் சாக்கடையும்தான் தாராவி என்று எழுதிப் பழகியவர்கள் இந்தச் செய்தியைப் பெரும்பாலும் தவறவிட்டுவிடுகிறார்கள். இன்று நாடெங்கும் சுமார் 14 லட்சமாகப் பெருகியிருக்கும் அங்கன்வாடிகளின் மூத்த தலைமுறை, திருநெல்வேலியிலிருந்து வந்து தோல் பதனிடும் வேலையில் இறங்கிய குடும்பங்கள் வாழ்ந்த இந்தச் சந்துகளில் இருந்தது. எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் தமிழ்நாட்டில் வந்ததோ அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து, 1982இல்தான்.

திட்டம் ஆறு சேவைகளை ஒரே கூரையின்கீழ் வைத்தது: கூடுதல் ஊட்டச்சத்து, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், பள்ளிக்கு முந்தைய கல்வி, தாய்மார்களுக்கான உணவு–நல அறிவுரை. தடுப்பூசியையும் பரிசோதனையையும் சுகாதாரத் துறை ஊழியர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். குழந்தைகளைத் திரட்டிக் கூட்டி வருவது டீச்சரின் வேலை. ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரையான குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் வீட்டுக்கு எடுத்துப்போகும் உணவுப்பொருள் தரப்படுகிறது. மூன்று வயதைத் தாண்டியவர்களுக்கு அங்கேயே சூடான சாப்பாடு. மும்பையில் அதைப் பெண்கள் சேமிப்புக் குழுக்கள் சமைத்து அனுப்புவது வழக்கம். கிச்சடி, உசல், லாப்சி என்று மராட்டியச் சமையல்தான். தமிழ்க் குழந்தைகளும் அதிலேயே நாக்கைப் பழக்கிக்கொள்கிறார்கள். ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் என்பது பல ஆண்டுகள் இருந்த விதி. கடுமையாக மெலிந்த குழந்தைக்கு 800 கலோரி. அரசு மனமிரங்கிக் கொடுக்கும் சோறு இல்லை இது. 2001 நவம்பர் 28இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையும், 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும் இதை உரிமையாக ஆக்கியிருக்கின்றன.

பாட்டு, கதை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் மேலாக, பல உயிர்களைக் காப்பது மாதாந்திர எடைதான். மெலிவு கண்ணுக்குத் தெரியாது. தெருவிலுள்ள குழந்தைகளெல்லாம் ஒல்லியாக இருக்கும்போது ஒல்லியே இயல்பாகிவிடும்; ‘எங்க வீட்டு வாகே இப்படித்தான்’ என்று பாட்டி சொல்லிவிடுவார். எடை பார்த்தால் கண் பட்டுவிடும் என்று தயங்குபவர்களும் எங்கும் உண்டு. அதனால் டீச்சரின் கையில் இருக்கும் ஒரு சாதாரண நாடாவுக்கு மதிப்பு அதிகம். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரையான குழந்தையின் இடது கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே அதைச் சுற்றுகிறார்கள். சுற்றளவு 12.5 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் பச்சை. 11.5க்கும் 12.5க்கும் இடையில் மஞ்சள். 11.5க்குக் கீழே போனால் சிவப்பு, அதாவது உயிருக்கே ஆபத்தான மெலிவு. எழுதப்படிக்கத் தெரியாத தாய்க்கும் சிவப்பு புரியும். அதற்குப் பிறகு வீட்டில் நடக்கும் பேச்சே வேறு.

சிவப்பில் நிற்கும் குழந்தையை எங்கே அனுப்புவது? தாராவிக்கு அதற்கு ஒரு வழி பிறந்தது பக்கத்திலுள்ள சயான் ஆஸ்பத்திரியால். அங்கே பச்சிளங்குழந்தைப் பிரிவை வளர்த்த மருத்துவர் அர்மிடா ஃபெர்னாண்டஸ், 1989இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை நிறுவியவர். பின்னாளில் அந்த மருத்துவமனையின் டீனாகவும் இருந்தார். வார்டில் எத்தனை குழந்தைகளைத் தேற்றினாலும், நோயை வரவழைப்பவை அவை திரும்பிப் போகும் வீடும் தண்ணீரும் தாயின் களைப்பும்தான் என்பதைக் கண்டவர். 1999இல் அவர் சக மருத்துவர்களோடு ‘ஸ்நேஹா’ என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். 2010களின் தொடக்கத்தில் அந்த நிறுவனம் தாராவியின் சுமார் 300 அங்கன்வாடிகளோடு கைகோத்தது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் வீடு வீடாகப் போய் எடையும் உயரமும் எடுத்தார்கள். மிக மெலிந்த குழந்தைகளுக்கு, ‘சோட்டா சயான்’ என்று மக்கள் அழைக்கும் தாராவி நகர்ப்புற நல மையம் வழியாக மருத்துவ ஊட்ட உணவு கிடைத்தது. தாய்மார்களோடு உட்கார்ந்து, எப்போது இணை உணவு தொடங்குவது, எப்படி ஊட்டுவது என்று பேசினார்கள். திட்டம் நடந்த பகுதிகளில் மெலிந்த குழந்தைகளின் விகிதம் 18 சதவீதத்திலிருந்து 13 சதவீதமாகக் குறைந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த பகுதிகளில் மிகச் சிறிய மாற்றமே தெரிந்தது. இதற்காகப் புதுக் கட்டடம் எதுவும் எழுப்பப்படவில்லை. ஏற்கெனவே இருந்த அறைக்கும் ஏற்கெனவே இருந்த ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஆட்கள் நடந்தார்கள், அவ்வளவே.

மொழி விஷயத்தையும் சொல்லவேண்டும். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது; அவற்றில் தமிழும் ஒன்று. அங்கன்வாடியில் அப்படிப் பிரிப்பதில்லை. ஒரே பாயில் தமிழ், தெலுங்கு, உருது, மராத்திக் குழந்தைகள் உட்காருகிறார்கள். பாட்டு மராத்தியிலோ இந்தியிலோ போகிறது. வீட்டில் தமிழ் மட்டுமே கேட்ட மூன்று வயதுக் குழந்தைக்கு முதல் சில வாரங்கள் மிரட்சிதான். டீச்சருக்கோ மதத்னீஸுக்கோ தமிழ் தெரிந்திருந்தால் அது சீக்கிரம் தீரும். தமிழர் நிறைந்த சந்துகளிலும் செம்பூரை அடுத்த சீத்தா கேம்ப்பிலும் பணி நியமனத்தில் இதைக் கணக்கில் எடுப்பது பெரிய செலவுள்ள காரியமில்லை.

இவ்வளவையும் தாங்கும் டீச்சரை அரசு தன் ஊழியராக ஏற்கவில்லை. அவர் பெறுவது ‘மதிப்பூதியம்’. மத்திய அரசு தன் பங்கை மாதம் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆக உயர்த்தியது 2018இல். மாநிலம் தன் பங்கைச் சேர்த்தாலும், மும்பையில் குடும்பம் நடத்தப் போதாது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகும் 2023 டிசம்பரில் மராட்டிய அங்கன்வாடி ஊழியர்கள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்யவேண்டியிருந்தது. குழந்தைகளுக்கான பாட்டும் பதிவேடும் போக, செல்போன் செயலியில் அன்றாட விவரம் ஏற்றும் வேலையும் 2021 முதல் அவர்கள் தலையில்தான்.

திட்டத்தின் பெரிய ஓட்டை நேரம். அங்கன்வாடி சில மணி நேரமே நடக்கிறது. குழந்தை சாப்பிட்டதும் வீட்டுக்குப் போகவேண்டும். தாராவியின் தாய் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து இட்லி அவித்து, விற்கப் போகிறவரின் பாத்திரத்தை நிரப்பி அனுப்பிவிட்டு, மாட்டுங்காவிலோ சயானிலோ மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போகும் பெண்களுக்கு மதியம் இரண்டு மணிக்கு வீடு திரும்புவதே கடினம். வீட்டிலேயே அப்பளம் இடுபவரும் துணிக்குப் பொத்தான் தைப்பவரும் உருப்படிக் கணக்கில் கூலி வாங்குகிறார்கள். குழந்தையைப் பார்க்கும் நேரமெல்லாம் கூலி குறையும் நேரம். அதனால் கைக்குழந்தையை எட்டு வயது அக்காவிடம் விடுகிறார்கள். அந்த அக்காவின் பள்ளிப் படிப்பு அங்கேயே நின்றுவிடுகிறது.

சட்டம் இந்தத் தாய்மார்களை எட்டுவதில்லை. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது தொழிற்சாலைகள் சட்டம். 50 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் வேண்டும் என்றது 2017இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம். தாராவியின் பட்டறையில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கோ முதலாளியே மூன்று நான்கு பேர்.

முழுநாள் காப்பகம் மும்பைக்குப் புதிதில்லை. மீரா மகாதேவன் 1969இல் தில்லியில் தொடங்கிய ‘மொபைல் கிரெஷஸ்’ அமைப்பு, 1972 முதல் மும்பையின் கட்டடப் பணியிடங்களில் கூலிப் பெண்களின் குழந்தைகளை நாள் முழுக்கப் பார்த்துவருகிறது. தாய் பால் கொடுக்க இடையில் வந்துபோக முடியும். கட்டடம் முடிந்தால் காப்பகமும் அடுத்த இடத்துக்கு நகரும். அரசும் 2022இல் ‘பால்னா’ திட்டத்தில் அங்கன்வாடியையே காப்பகமாக நீட்டிக்க வழி செய்தது: நாளுக்கு ஏழரை மணி நேரம், மாதத்தில் 26 நாள், ஆறு மாதக் குழந்தை முதல் ஆறு வயதுவரை. நாடு முழுவதற்கும் வைத்த இலக்கு 17,000. அங்கன்வாடிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை.

தாராவி இப்போது இடித்துக் கட்டப்படும் காலத்தில் நிற்கிறது. மும்பையில் குடிசை மாற்றுக் கட்டடங்களுக்கான விதி, குடும்பங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பால்வாடி அறை ஒதுக்கச் சொல்கிறது. காகிதத்தில் ஒதுக்கிய அறையைப் பூட்டி வைத்தாலோ சாமான் போடும் இடமாக மாற்றினாலோ யாருக்கும் பயனில்லை. கூட்டுறவுச் சங்கம் அமைக்கும் ஒவ்வொரு குடியிருப்பும் அந்த அறையைத் தரைத்தளத்தில், கழிப்பறையும் குழாயும் வைத்துத் தரும்படி இப்போதே எழுத்தில் கேட்கவேண்டும். அது நாள் முழுக்கத் திறந்திருக்கும் காப்பகமாக நடக்கவேண்டும் என்றும் சேர்த்துக் கேட்கவேண்டும். கோயில் கமிட்டியும் தமிழ்ச் சங்கங்களும் கையெழுத்துப் போட்டு முன்னால் நின்றால், வீட்டுச் சாவி கைக்கு வரும் நாளிலேயே பால்வாடியின் சாவியும் டீச்சர் கைக்கு வரும்.