முட்டைக்குத் தனி டெண்டர்

சில ஆண்டுகளுக்கு முன்பு, இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள லங்காஷயர் கவுன்ட்டி கவுன்சில் பள்ளிக் குழந்தைகளின் சாப்பாட்டுக்கு டெண்டர் விட வேண்டியிருந்தது. மதிப்பு சுமார் 20 லட்சம் பவுண்டு. மொத்தத்தையும் ஒரே டெண்டராக விட்டால் நாடெங்கும் கிளை வைத்திருக்கும் கேட்டரிங் நிறுவனங்கள்தான் போட்டிக்கு வரும். பக்கத்து ஊர்க் கோழிப்பண்ணைக்காரர் விண்ணப்பப் படிவத்தின் கனத்தைப் பார்த்தே ஒதுங்கிவிடுவார். அதிகாரிகள் அந்த டெண்டரைத் துண்டு போட்டார்கள். முட்டைக்கு ஒன்று, தயிருக்கு ஒன்று, சீஸுக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று. உள்ளூர்க்காரருக்கு மட்டும் என்று எங்கும் எழுதவில்லை, எழுதவும் முடியாது. அன்றைக்கு அங்கே நடப்பிலிருந்த ஐரோப்பியக் கொள்முதல் சட்டம் அதை அனுமதிக்காது. ஆனாலும் எல்லாத் துண்டுகளும் லங்காஷயர் விவசாயிகளிடம் சரக்கெடுக்கும் வியாபாரிகளுக்கே போய்ச் சேர்ந்தன.

உள்ளூர்ப் பொருளாதாரம் பற்றிப் பேச்சு வந்தாலே வெளியிலிருந்து முதலீட்டை எப்படி இழுப்பது என்றுதான் யோசிக்கிறோம். நிலம் தருகிறோம், வரியைத் தள்ளுபடி செய்கிறோம், கம்பளம் விரிக்கிறோம். ஆனால் ஓர் உள்ளாட்சி தன் கையில் ஏற்கெனவே வைத்திருக்கும் பெரிய ஆயுதம் அதன் கொள்முதல் கணக்கு. காகிதம், சாப்பாடு, துப்புரவு, கட்டட வேலை என்று ஆண்டுதோறும் எப்படியும் செலவாகப்போகிற பணம் அது. அது ஊருக்குள் ஒரு சுற்றாவது சுற்றுகிறதா, வந்த அன்றே வெளியேறுகிறதா என்பதைப் பொறுத்துத்தான் ஊரின் செழிப்பு. கலிங்கு உடைந்த ஏரியில் எவ்வளவு மழை பெய்தும் என்ன பயன்? வெளி முதலீட்டுக்காகத் தவம் கிடப்பதற்கு முன் கலிங்கைப் பார்ப்பதே முறை என்பது என் கட்சி. இதற்குச் சான்றாக லங்காஷயரிலேயே இருக்கும் பிரெஸ்டன் நகரை எடுத்துக்கொள்ளலாம்.

ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் வாழும் ஊர் அது. நூற்பு இயந்திரத்துக்குப் பேர்போன ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1732-இல் பிறந்ததும் அங்கேதான். ஆலைகள் மூடிய பிறகு, பல பழைய தொழில் நகரங்களைப் போலவே அதுவும் ஒரு ஷாப்பிங் மாலை நம்பியது. டித்பார்ன் என்ற அந்தத் திட்டத்தின் மதிப்பு 70 கோடி பவுண்டு. பத்தாண்டுக்கும் மேலாக ஊரே காத்திருந்தது. 2011 நவம்பரில், மாலின் முக்கியக் கடையாக வரவிருந்த ஜான் லூயிஸ் விலகிக்கொள்ள, திட்டம் அதோடு சரிந்தது. மத்திய அரசும் சிக்கனம் என்று சொல்லி உள்ளாட்சிகளுக்குத் தரும் நிதியை வெட்டிக்கொண்டிருந்த சமயம் அது. வேறு வழியில்லாமல்தான் நகர்மன்றம் தன் செலவுக் கணக்கைப் புரட்டிப் பார்த்தது என்றும் சொல்லலாம். நல்ல யோசனைகளில் பாதி இப்படிக் கையறு நிலையில்தான் பிறக்கின்றன.

யோசனையின் மூலவடிவம் அமெரிக்காவில் இருந்தது. ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் புகழ்பெற்ற மருத்துவமனைகளும் ஒரு பல்கலைக்கழகமும் ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டாலருக்குப் பொருளும் சேவையும் வாங்கின. அவற்றின் மதிலை ஒட்டிய தெருக்களிலோ வேலையில்லாத வறுமை. மருத்துவமனை என்றால் தினமும் மூட்டை மூட்டையாக அழுக்குத் துணி சேரும். அதை வெளுக்க, அந்தத் தெருக்களில் இருப்பவர்களே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் சலவைக் கூட்டுறவு ஒன்று 2009-இல் தொடங்கியது. 2018-இல் கிளீவ்லாந்து கிளினிக் தன் சலவை ஆலையை நடத்தும் பொறுப்பையே எவர்கிரீன் என்ற அந்தக் கூட்டுறவிடம் கொடுத்தது. மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் கூலி மலிவு என்று வேறு நாட்டுக்குக் கிளம்பிப் போய்விடாது. நங்கூரம் பாய்ச்சிய கப்பல் மாதிரி ஊரிலேயே நிற்கும். அதனால்தான் இவற்றை நங்கூர நிறுவனங்கள் என்கிறார்கள்.

பிரெஸ்டன் நகர்மன்ற உறுப்பினர் மேத்யூ பிரவுனும், மான்செஸ்டரிலுள்ள உள்ளூர்ப் பொருளாதார ஆய்வு மையம் ஒன்றும் இதைத் தங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றினார்கள். நகர்மன்றம், கவுன்ட்டி கவுன்சில், காவல்துறை, கல்லூரிகள், வீட்டுவசதி அமைப்பு எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்து, யாரிடம் என்ன வாங்குகிறோம் என்று பில்களைப் பரப்பின. 2012-13-இல் அவற்றின் மொத்தக் கொள்முதல் சுமார் 75 கோடி பவுண்டு. அதில் பிரெஸ்டனுக்குள் நின்றது 3.8 கோடி, அதாவது நூற்றுக்கு ஐந்து. நகரையும் சேர்த்து லங்காஷயர் முழுவதற்குமே 39 சதவீதம்தான். டெண்டர்களைப் பிரித்தார்கள், சிறு நிறுவனங்களுக்கு முன்கூட்டியே தகவல் சொன்னார்கள், விலையோடு வேலைவாய்ப்பு, தொழிற்பயிற்சி, கூலி ஆகியவற்றையும் எடைபோட்டார்கள். பொதுச் சேவைகளின் சமூக மதிப்பையும் கருத வேண்டும் என்ற 2012-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குக் கைகொடுத்தது. 2016-17-இல் பிரெஸ்டனின் பங்கு 11.2 கோடி, லங்காஷயரின் பங்கு 79 சதவீதம். சிக்கன வெட்டினால் மொத்தச் செலவு பத்துக் கோடிக்கு மேல் குறைந்திருந்தபோதும் உள்ளூருக்கு வந்த தொகை ஏறியது என்பதைத்தான் இந்தக் கணக்கில் முக்கியமாகக் கருதுகிறேன்.

இது ஒருவகைச் சுதேசிதானே, அண்டை ஊரின் வயிற்றில் அடிப்பதுதானே என்ற கேள்வி நியாயமானது. லங்காஷயருக்கு அந்த வலி தெரியும். வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் போன காந்தி, 1931 செப்டம்பரில் பிரெஸ்டனுக்கு அருகிலுள்ள டார்வனுக்குச் சென்றார். இந்தியாவின் அந்நியத் துணிப் புறக்கணிப்பாலும் வேலையிழந்திருந்த ஆலைத் தொழிலாளர்களை நேரில் சந்தித்தார். அதே லங்காஷயர் இன்று உள்ளூரில் வாங்கு என்கிறது. வரலாற்றுக்கும் குறும்பு உண்டு போலும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பிரெஸ்டன் யாருடைய சரக்குக்கும் தடை போடவில்லை. எல்லாவற்றையும் உள்ளூரில் வாங்கவும் முடியாது. ஸ்கேன் இயந்திரம் பக்கத்துத் தெருவில் கிடைக்காது. உள்ளூரில் கிடைப்பது, டெண்டரின் பூதாகார அளவால் மட்டும் கைக்கு எட்டாமல் போகக் கூடாது என்பதே ஏற்பாடு. பலன் பிரெஸ்டனைத் தாண்டி லங்காஷயர் முழுக்கப் பரவியிருப்பதையும் கணக்கு காட்டுகிறது. எல்லா ஊரும் இப்படியே செய்தால் வெளியூருக்கு விற்கும் பிரெஸ்டன் நிறுவனத்துக்கு அடி விழாதா? கொஞ்சம் விழும். அதை மறைக்க வேண்டியதில்லை.

விலை கூடும், சொந்தக்காரனுக்கு டெண்டர் போகும் என்ற இரண்டு அச்சங்களும் ஒன்றோடொன்று பின்னியவை. சின்ன ஊரில் அதிகாரியும் காண்ட்ராக்டரும் ஒரே தெருவில் இருப்பார்கள், ஆபத்து உண்மை. இதற்கு மருந்து, யாருக்கு எதற்காக எவ்வளவு கொடுத்தோம் என்பதை எவரும் பார்க்கும்படி வெளியிடுவது. அதைவிட்டுப் பெரிய நிறுவனத்திடம் ஓடுவது மருந்தாகாது. மருத்துவமனைக் கட்டடம் முதல் பள்ளிச் சாப்பாடு வரை பிரிட்டன் அரசின் வேலைகளை அள்ளிக்கொண்ட கேரிலியன் நிறுவனம் 2018 ஜனவரியில் சுமார் 700 கோடி பவுண்டு பாக்கியோடு கவிழ்ந்தபோது, லிவர்பூலிலும் பர்மிங்ஹாம் பக்கத்திலும் பாதி எழும்பிய மருத்துவமனைகள் அப்படியே நின்றன. டெண்டர் திறந்த நாளில் போட்டிபோட்டு வாங்கிய குறைந்த விலைக்கு அப்புறம் யார் பில் கட்டினார்கள் என்று கேட்டால், உள்ளூர் விலை அவ்வளவு உறுத்தாது.

இதெல்லாம் சரி, ஜனங்களுக்கு என்ன கிடைத்தது? பிரிட்டன் முழுவதும் வேலையின்மை குறைந்த ஆண்டுகள் அவை. பிரெஸ்டனில் குறைந்ததை மட்டும் காட்டி மார்தட்ட முடியாது. 2023-இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு இதைக் கவனத்தில் கொண்டு, மற்றப் பகுதிகளின் போக்கோடு பிரெஸ்டனை ஒப்பிட்டது. திட்டம் இல்லாதிருந்தால் எதிர்பார்த்திருக்கும் அளவைவிட இடைநிலைக் கூலி 11 சதவீதமும் வாழ்க்கைத் திருப்தி 9 சதவீதமும் கூடுதல். மனச்சோர்வு மருந்துச் சீட்டுகள் 3 சதவீதம் குறைவு. ஓர் ஊரை வைத்துச் செய்த ஒப்பீடு என்பதால் இதையே முடிந்த முடிவாகக் கொள்ள மாட்டேன். ஆனால் கூலியும் மனநலமும் ஒரே திசையில் நகர்ந்திருப்பதைத் தற்செயல் என்று தள்ளவும் மனம் வரவில்லை. நகர்மன்றமே 2012-இல், வட இங்கிலாந்தில் முதலாவதாக, வாழ்க்கைச் செலவுக்குப் போதுமான கூலி தரும் அமைப்பாக அங்கீகாரம் பெற்றதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தேறாத பாடமும் உண்டு: தொழிலாளர் கூட்டுறவுகள் கிளீவ்லாந்தைப் பார்த்துக் கண்ட கனவின் வேகத்தில் முளைக்கவில்லை. வாங்குவதை மாற்றுவது சுலபம், உடைமையை மாற்றுவது கடினம்.

மால் வராமல் போன அந்த நகர்ப்பகுதியில், விக்டோரியா காலத்து இரும்புக் கூரைக்கடியில் இன்றும் சந்தை நடக்கிறது. 2018-இல் அதைப் புதுப்பித்த கட்டுமான நிறுவனம் பிரெஸ்டனைச் சேர்ந்தது. அதை ஒட்டி 2025-இல் ஒரு திரையரங்க வளாகம் திறந்தது. அதற்கு உரிமையாளர் நகர்மன்றம். கடைகள் தரும் வாடகை அதன் கணக்கில்தான் வரவாகிறது.