பொய் சொல்வது சென்சரா, இன்ஜினா?

ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையில் கார் ஓட்டப் பொறுமை வேண்டும். ஈராண்டுக்கு முன், தீபாவளிக்கு முந்தைய வாரம், என் மச்சானுக்குப் பொறுமை மட்டும் போதவில்லை. தேக்கா சந்தைப்பில் நின்ற கார் விக்கல் எடுத்ததுபோல் குலுங்கியது. இன்ஜின் வேகம் காட்டும் முள் தானாக ஏறி இறங்கியது. வீரமாகாளியம்மன் கோயிலைத் தாண்டுமுன் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கும் எரிந்துவிட்டது.

மறுநாள் பட்டறையில் குறியீடு படிக்கும் கருவியைச் செருகினார்கள். திரையில் பி0106 என்று வந்தது. “மேப் சென்சர் போயிடுச்சு” என்று சொல்லிப் புதிதாக ஒன்றை மாட்டினார்கள். மூன்றே நாளில் விளக்கு மறுபடியும் எரிந்தது. காருக்கு அப்போது ஒன்பது வயது. வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பிப்பதா, பதிவை ரத்து செய்வதா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. “இன்ஜினே போச்சு போலிருக்கு, தள்ளிவிட்டுடலாம்” என்றார் மச்சான்.

அப்படி முடிவெடுக்குமுன் சென்சரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். விடை நமக்கு முன்கூட்டியே தெரிந்த கேள்வி அது.

முதலில் அந்த சென்சர் செய்யும் வேலையைப் பார்ப்போம். காற்று இன்ஜினுக்குள் நுழையும் குழாய்த் தொகுதியில் அழுத்தம் எவ்வளவு என்று அளப்பதே மேப் சென்சரின் வேலை. கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் கூட்டுக்குள் மெல்லிய சிலிக்கன் சவ்வு ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பக்கம் வெற்றிடம்; மறுபக்கத்தைக் காற்று அழுத்துகிறது. சவ்வு வளைந்தால் அதன் மின்தடை மாறும். சிலிக்கனின் இந்தக் குணத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் ஸ்மித் 1954ல் வெளியிட்டார். மாறும் மின்தடை, 0 முதல் 5 வோல்ட்டுக்குள் ஒரு மின்னழுத்தமாகக் காரின் கணினிக்குப் போகிறது. காற்றின் வெப்பநிலையையும் இன்ஜின் சுழலும் வேகத்தையும் அதோடு சேர்த்து, எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று கணினி முடிவு செய்கிறது. சென்சர் கூட்டிச் சொன்னால் பெட்ரோல் வீணாகும், கரும்புகை வரும். குறைத்துச் சொன்னால் கார் இழுக்காது.

இப்போது கேள்விக்கு வருவோம். இன்ஜினை அணைத்துவிட்டுச் சாவியை மட்டும் ‘ஆன்’ நிலையில் வையுங்கள். காற்றை உறிஞ்ச ஆளில்லாததால் குழாய்க்குள் இருப்பது வெளிக்காற்றேதான். ஆகவே, சென்சர் காட்ட வேண்டியது ஊரின் காற்றழுத்தம்.

இதைச் சோதிக்கச் சிங்கப்பூரைப்போல் வசதியான ஊர் குறைவு. நிலநடுக்கோட்டை ஒட்டிய இத்தீவில், கடல்மட்டத்தில் காற்றழுத்தம் ஆண்டு முழுவதும் சுமார் 101 கிலோபாஸ்கல். 2001 டிசம்பரில் ஜோகூர்க் கரையைத் தாக்கிய வமெய் போன்ற புயல் இங்கே அபூர்வம். காலை 10 மணிவாக்கில் ஏறி மாலை 4 மணிவாக்கில் இறங்கும் அன்றாட மாற்றமும் வழக்கமாக அரை கிலோபாஸ்கலைத் தாண்டுவதில்லை. சென்சரைக் கழற்றி 164 மீட்டர் உயரப் புக்கிட் தீமா உச்சிக்கே தூக்கிச் சென்றாலும் குறையப்போவது 2 கிலோபாஸ்கல்தான். எனவே இங்கே 100, 101 என்று காட்டினால் நல்லது. 90 என்றால் சந்தேகிக்கலாம். அதே கார் கேமரன் மலையில் 85ஐ ஒட்டியும், உதகையில் 78ஐ ஒட்டியும் காட்டினால் அது பழுதல்ல.

கைப்பேசியுடன் இணையும் சிறு ஓபிடி கருவி போதும். இதை அடுக்குமாடி கார் நிறுத்தத்திலேயே பார்த்துவிடலாம்.

ஆனால் இதில் தேறிவிட்டால் சென்சர் முழுக்க நல்லது என்று சொல்லிவிட முடியாது. இன்ஜினை ஓடவிட்டும் பார்க்க வேண்டும். சூடான, நல்ல பெட்ரோல் இன்ஜின் சும்மா நின்று ஓடும்போது குழாயில் பொதுவாக 30 முதல் 40 கிலோபாஸ்கல் இருக்கும். 60ஐ நெருங்கினால்தான் சிக்கல். சென்சர் தவறாகச் சொல்கிறதா, அல்லது உள்ளே அழுத்தம் உண்மையிலேயே அவ்வளவா? சென்சருக்கே இந்தக் கேள்வியைப் போட்டுப் பயனில்லை. இன்னொரு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சி, மின்சாரமே தேவைப்படாத பழைய முள் வைத்த வெற்றிட மானி. வெளிக்காற்றைவிடக் குழாய்க்குள் எவ்வளவு குறைவு என்பதை அது காட்டும். ஆகவே சென்சர் சொல்வதையும் மானி சொல்வதையும் கூட்டினால் 101 வர வேண்டும். வராவிட்டால் சென்சர்மீது கை வைக்கலாம்.

காக்கி புக்கிட்டில் இன்னொரு பட்டறைக்காரர் இதைத்தான் செய்தார். சாவியைத் திருப்பியதும் 101. இன்ஜின் ஓடும்போது சென்சர் 58 என்றது; மானி 43 என்றது. பழைய சென்சரை மாட்டிப் பார்த்தபோதும் அதே எண்கள். சென்சர்கள் இரண்டுமே உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன! குழாய்க்குள் புகையைச் செலுத்திப் பார்த்தபோது, பிரேக்குக்குப் போகும் ரப்பர் குழாயின் வளைவிலிருந்து மெல்லிய கோடாகப் புகை வந்தது. சூட்டில் இறுகி வெடித்த குழாய் அது. கணினிக்குத் தெரியாமல் அந்த வழியே காற்று நுழைந்துகொண்டிருந்தது.

பி0106 என்ற குறியீட்டுக்கு ‘சென்சரை மாற்று’ என்று பொருளில்லை. சென்சர் சொல்வது கணினி எதிர்பார்த்ததோடு ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். பி0107, பி0108 வந்தால் மின்னழுத்தம் மிகக் குறைவு அல்லது மிக அதிகம். அப்போது முதலில் பார்க்க வேண்டியது கம்பிகளை. இணைப்பைக் கழற்றி, மின்னழுத்தம் தரும் கம்பிக்கும் தரைக்கம்பிக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் 5 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் எத்தனை சென்சர் மாற்றினாலும் பலனில்லை. சென்சரின் துளையில் எண்ணெய்க் கரி அடைந்திருப்பதும் உண்டு. அதற்குரிய திரவம் தெளித்துத் துடைக்கலாம்; ஊசியால் குத்தினால் சவ்வு போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் கண்சிமிட்டினால் இந்தச் சோதனைகளுக்கெல்லாம் நேரமில்லை. ஓரமாக நிறுத்தி, இழுவை வண்டியை அழைப்பதே நல்லது.

மச்சான் சான்றிதழை ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்துக்கொண்டார். பத்து வயதைத் தாண்டிய கார் என்பதால் இனி ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். கழற்றப்பட்ட பழைய சென்சர், ஒரு குறையும் இல்லாமல், டாஷ்போர்டு அறையில் கிடக்கிறது.