தவழும் மழலையும் திறந்த வாளியும்

வள்ளூரிலும் அதனைச் சூழ்ந்த அத்திப்பட்டு, மீஞ்சூர், எண்ணூர் ஆகிய ஊர்களிலும் வாழும் நாம் அபாயத்தைக் கண்ணெதிரே கண்டு பழகியவர்கள். வாசலில் நின்று தலை நிமிர்ந்தால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிகின்றது. சன்னலைத் திறந்து வைத்தால் சாம்பல் தூசி வந்து படிகின்றது. 2023 டிசம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் கடற்கரையில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா வாயு கசிந்தபோது, பெற்றோர்கள் உறங்கிக்கொண்டிருந்த குழந்தைகளை வாரி எடுத்துக்கொண்டு இருளில் ஓடினார்கள். அந்த இரவை இப்பகுதியினர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இவற்றைக் கண்டு நாம் அஞ்சுவதும், பாதுகாப்புக் கோருவதும் முற்றிலும் நியாயமே. ஆயினும், அன்பு வாசகர்களே, உங்களிடம் ஒன்று கேட்கின்றேன். தொலைவில் நிற்கும் புகைபோக்கியைக் கண்டு பெருமூச்சு விடும் நாம், நமது குளியலறையில் நிரம்பி நிற்கும் வாளியை என்றேனும் அச்சத்துடன் நோக்கியிருக்கின்றோமா?

2019-ஆம் ஆண்டு நிகழ்ந்த இரண்டு துயரங்களைச் சற்றே நினைவுகூர்வோம். அக்டோபர் 25-ஆம் நாள் மாலை, திருச்சி மாவட்டம் மணப்பாறைக்கு அருகிலுள்ள நடுக்காட்டுப்பட்டியில், இரண்டு வயது பாலகன் ஒருவன் தன் வீட்டருகே விளையாடிக்கொண்டிருந்தபோது, கைவிடப்பட்ட ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் விழுந்துவிட்டான். பயனற்ற ஆழ்குழாய்க் கிணறுகளை மூடிவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டிலேயே நெறிமுறை வகுத்திருந்தது. ஆனால் அந்தக் கிணறு குழந்தையை விழுங்கும் நிலையிலேயே இருந்தது. தமிழ்நாடு முழுவதும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து, கண்ணீருடன் அந்த மீட்புப் பணியைக் கண்டது. எல்லாச் சமயத்தவரும் பிரார்த்தித்தார்கள். 29-ஆம் நாள் அதிகாலையில் உயிரற்ற உடலே மேலே வந்தது.

இதனை யாவரும் அறிவர். ஆனால் அதே நாட்களில் தூத்துக்குடியில் நிகழ்ந்ததைப் பலர் மறந்துவிட்டனர். அங்கே ஒரு வீட்டில் பெற்றோர் அந்த மீட்புக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தனர். அவர்களுடைய இரண்டு வயதுப் பெண் குழந்தை குளியலறைக்குச் சென்றதை எவரும் கவனிக்கவில்லை. தேடிச் சென்றபோது, தண்ணீர்த் தொட்டிக்குள் அக்குழந்தை மூழ்கிக் கிடந்தது. முன்பின் அறியாத ஒரு பிள்ளைக்காக இளகிய உள்ளத்துடன் அமர்ந்திருந்த நல்ல பெற்றோர் அவர்கள். அவர்களைக் குறை கூற நமக்கு என்ன தகுதி இருக்கின்றது? தொலைவில் உள்ள அபாயம் நமது கண்களைக் கட்டிவிடும்போது, அருகில் உள்ள அபாயம் ஓசையின்றி வந்து நிற்கின்றது என்ற படிப்பினையே இதில் நமக்கு உண்டு.

எனக்குத் தகுதி இல்லை என்பதை என் இல்லத்தில் நடந்த சம்பவத்தைக் கொண்டே கூறுகின்றேன். இரவில் படுக்கு முன், ஸுப்ஹுத் தொழுகையின் ஒளுவுக்காக ஒரு வாளியில் நீர் நிரப்பி வைப்பது எனது நெடுநாள் வழக்கம். ஒருநாள் காலை நான் பள்ளிவாசலிலிருந்து திரும்பியபோது என் மகளின் அலறல் கேட்டது. எதையேனும் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க அப்பொழுதுதான் கற்றிருந்த என் பேத்தி, நான் பாதி நீருடன் விட்டுச் சென்ற அதே வாளியின் விளிம்பைப் பற்றி, தலையை உள்ளே நீட்டியிருந்தாள். ஒரு கால் தரையில் இல்லை. என் மகள் எட்டிப் பிடித்தாள். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிழைத்தது. இரவில் பாத்திரங்களை மூடி வைக்குமாறு கூறும் நபிமொழியைப் பல்லாண்டுகளாக மாணவர்களுக்குப் பாடம் சொன்னவன் நான். என் வாளிக்கு மட்டும் மூடி இல்லை!

வாளி ஏன் இத்தனை கொடியதாகின்றது? தவழும் குழந்தைக்கு உடலை நோக்கத் தலையின் பாரம் அதிகம். விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்க்கும்போது தலை முன்னே சாய்ந்துவிடுகின்றது. மீண்டும் தூக்கிக்கொள்ளக் கைகளுக்கு வலு இல்லை. நீர் நிறைந்த வாளி பாரமாதலால் அது கவிழ்வதும் இல்லை. மூக்கும் வாயும் மறையும் அளவு நீர், அதாவது நான்கைந்து விரற்கடை இருந்தாலே போதும். மூச்சு முட்டும் குழந்தையால் குரலெழுப்ப இயலாது. ஆகவேதான் அடுத்த அறையில் இருக்கும் தாயின் காதில் எதுவும் விழுவதில்லை. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகின்றது.

நமது வட்டாரத்தில் இந்த அபாயம் இன்னும் மிகுதி. மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகின்றது. கிணற்றில் உப்பு, குழாயில் குறித்த வேளையில் மட்டும் நீர் என்ற நிலையில், பீப்பாயிலும் டிரம்மிலும் தொட்டியிலும் நீரைச் சேமித்து வைக்காத வீடு எது? தண்ணீரை அருமையாகப் போற்றும் வீட்டில்தான் குழந்தைக்கு எட்டும் தூரத்தில் அதிகத் தண்ணீர் நிற்கின்றது.

பெருமானார் காட்டிய இரவுப் பழக்கம்

வீட்டின் பாதுகாப்பு என்பது இக்கால மருத்துவர்கள் கண்டுபிடித்த புதுமை என்று எவரும் எண்ண வேண்டாம். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் புகழ்பெற்ற ஹதீஸை எண்ணிப் பாருங்கள். அந்தி சாயும் வேளையில் பிள்ளைகளை வெளியே விடாது தடுத்துக்கொள்ளவும், இறைவன் பெயர் கூறிக் கதவைத் தாழிடவும், தண்ணீர்த் துருத்தியின் வாயைக் கட்டவும், பாத்திரத்தை மூடவும், விளக்கை அணைக்கவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். மூடி கிடைக்காவிடில் ஒரு குச்சியையேனும் பாத்திரத்தின் குறுக்கே வைக்கும்படி கூறினார்கள். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரோடு வீட்டை எரித்துவிடக்கூடும் என்று காரணமும் விளக்கினார்கள். மதீனாவில் ஓர் இல்லம் இரவில் தீப்பற்றிய செய்தி எட்டியபோது, உறங்குமுன் நெருப்பை அணைத்துவிடுமாறு எச்சரித்தார்கள். தடுப்புச் சுவரில்லாத மாடியில் உறங்குவதையும் கண்டித்துள்ளார்கள். இறைவனின் பெயரைக் கூறுவதும் தாழ்ப்பாளைப் போடுவதும் அங்கே ஒரே செயலின் இரு பகுதிகளாக இருப்பதைக் கவனியுங்கள்.

“எல்லாம் களா கத்ர் அன்றோ? எழுதியிருந்தால் நடந்தே தீரும்” என்று சிலர் கூறுவர். கொள்ளைநோய் பரவிய ஷாம் தேசத்திற்குள் நுழையாமல் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் திரும்பியபோது, இறைவனின் விதியை விட்டா ஓடுகின்றீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின்பால் செல்கின்றோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடை பகர்ந்தார்கள். வாளி விழுங்குவது விதியென்றால், வாளியைக் கவிழ்த்து வைக்கும் கையும் விதியே அல்லவா? பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குக் கத்ரின் மீதுள்ள ஈமான் பெரும் ஆறுதல். பிள்ளை உயிரோடு தவழும் வீட்டில் அதையே சாக்காகக் கூறுவது அசட்டை. தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டிய பிறகு தொடங்குவது.

முந்தானையின் காவல்

இந்தத் துயரம் நமக்கு மட்டும் உரியதன்று. 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாகவும், அவர்களில் ஏறக்குறைய கால் பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்ட பாலகர்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. வங்காளதேசத்தின் சிற்றூர்களில் வீட்டுக்கு வீடு குளம் உண்டு. தாய் சமையலில் மூழ்கியிருக்கும் முற்பகல் வேளையிலேயே குழந்தைகள் அதிகம் இறப்பதை அங்குள்ளோர் கண்டறிந்தனர். எனவே, அவ்வேளையில் சுற்றியுள்ள வீடுகளின் குழந்தைகளை ஒரு பெண்மணி தம் இல்லத்தில் வைத்துக் காக்கும் ஏற்பாட்டைச் செய்தனர். அதற்கு ‘ஆஞ்சல்’ என்று பெயர். வங்க மொழியில் முந்தானை என்று பொருள். அக்காவலில் இருந்த குழந்தைகளிடையே நீரில் மூழ்கும் இறப்பு ஐந்தில் நான்கு பங்களவு குறைந்தது என்று 2012-இல் வெளியான ஆய்வு கூறுகின்றது.

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. ‘பிள்ளையை யாரோ பார்த்துக்கொண்டிருக்கின்றார்கள்’ என்று வீட்டில் ஐவரும் எண்ணும்போது ஒருவரும் பார்ப்பதில்லை. தாய் அடுப்படிக்குச் செல்லும்போது, “இப்பொழுது பிள்ளை உங்கள் பொறுப்பு” என்று மாமியாரிடமோ நாத்தனாரிடமோ கணவரிடமோ பெயர் சொல்லி ஒப்படைக்கட்டும். பெற்றுக்கொண்டவர் கைப்பேசியைக் கீழே வைத்துவிடட்டும். பிள்ளை காப்பது தாய்க்கு மட்டும் கடமை என்று ஆடவர் எண்ண வேண்டாம். ஒவ்வொருவரும் பொறுப்பாளரே, அவரவர் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவர் என்பது நபிமொழியின் கருத்தன்றோ! ஜமாஅத் நிர்வாகிகளும் பள்ளிவாசல் ஹவுளைச் சுற்றித் தடுப்பு இருக்கின்றதா என்று நோக்குதல் வேண்டும்.

வீட்டைக் குழந்தையின் உயரத்திலிருந்து பாருங்கள்

ஒருமுறை தரையில் அமர்ந்து வீட்டைச் சுற்றி நோக்குங்கள். நாம் நின்றபடி காணாதவை பல தென்படும்.

பயன்படுத்தியதும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். டிரம்முக்கு மூடியிட்டுக் கயிற்றால் கட்டுங்கள். தரைத் தொட்டியின் மூடிக்குப் பூட்டுப் போடுங்கள். குளியலறைக் கதவுக்குக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு கொண்டி அமையுங்கள்.

பினாயிலையும் அமிலத்தையும் மண்ணெண்ணெயையும் குடிநீர்ப் பாட்டிலில் ஊற்றி வைப்பது பெரும் தவறு. பாட்டிலைக் கண்ட குழந்தை தண்ணீர் என்றே எண்ணும். எலி மருந்து விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. 2024 நவம்பரில், சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்காக வைக்கப்பட்ட நஞ்சு பரவிய வீட்டில் உறங்கிய இரு குழந்தைகள் மாண்டனர். குழந்தை இருக்கும் வீட்டில் நஞ்சை விட எலிப்பொறியே மேல்.

கொதிக்கும் கஞ்சியையும் சாற்றையும் தரையில் இறக்கி வைக்காதீர்கள். வேர்க்கடலை, பட்டாணி, நாணயம் ஆகியன மூச்சுக்குழலை அடைத்துவிடும். விளையாட்டுப் பொருளிலும் கடிகாரத்திலும் உள்ள பொத்தான் போன்ற சிறிய பாட்டரி உணவுக்குழலில் சிக்கினால், இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே அதனை அரித்துப் புண்ணாக்கிவிடும்.

அன்பினால் செய்பவற்றிலும் கவனம் வேண்டும். கழுத்தில் கட்டும் தாயத்துக் கயிறு எதிலேனும் மாட்டிக்கொண்டால் குழந்தையின் கழுத்தையே இறுக்கும். தூளியில் ஓடியாடும் பிள்ளைகள் தனியே முறுக்கி விளையாடுவதும் அத்தகையதே. கடையில் விற்கும் சுர்மா பலவற்றில் ஈயம் கலந்திருப்பது சோதனைகளில் தெரியவந்துள்ளது. கண்ணைக் கசக்கிய கையை வாயில் வைக்கும் சிசுவுக்கு அது தீங்கு. ஒரு வயது நிறையும் முன் தேன் கொடுப்பதையும் மருத்துவர்கள் தடுக்கின்றனர். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து சிசுவின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். தஹ்னீக் செய்யப் பெருமானார் (ஸல்) அவர்கள் பயன்படுத்தியது பேரீச்சம்பழமே என்பதை நினைவிற்கொள்க.

எச்சரிக்கையையும் மீறி ஏதேனும் நேர்ந்துவிட்டால் பதறாதீர்கள். நீரில் மூழ்கிய குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றாதீர்கள். மூச்சில்லாவிடில் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சளித்து, நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள். மற்றொருவர் 108-ஐ அழைக்கட்டும். சுட்ட புண்ணின் மீது மையோ பற்பசையோ தடவாமல், 20 நிமிடம் குழாய் நீரில் காட்டுங்கள். அமிலமோ மண்ணெண்ணெயோ விழுங்கிய குழந்தையை வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள்.

அன்புச் சகோதர சகோதரிகளே! குழந்தை இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். புகைபோக்கியின் புகையைத் தனியொருவராக நம்மால் தடுக்க இயலாது. அதற்கு ஊர் ஒன்றுகூட வேண்டும், அரசு செவிசாய்க்க வேண்டும். வாளியைக் கவிழ்ப்பதற்கோ எவருடைய அனுமதியும் தேவையில்லை. இன்றிரவு இஷாத் தொழுகைக்குப் பின், பிஸ்மில்லாஹ் கூறி உங்கள் வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். என் இல்லத்தில் இப்பொழுது ஒளுவுக்குரிய வாளி இரவெல்லாம் கவிழ்ந்தே இருக்கின்றது. ஸுப்ஹுக்கு எழுந்த பின்னரே அதில் நீர் பிடிக்கின்றேன்.

நமது மழலைகளை அல்லாஹ் தன் காவலில் வைத்தருள்வானாக! அந்தக் காவலுக்கு நமது கைகளையும் கருவியாக ஆக்குவானாக! ஆமீன்.