சியாபும் நம் உடலும்

"ஒரு முறை இழுத்துப் பார். இரண்டு ஆள் வேலையை நீ ஒருவனே பார்த்துவிடலாம்" என்று சொல்லித்தான் சியாபு பல இளைஞர்களின் கைக்கு வருகிறது. செம்பனைக் குலை வெட்டுகிறவனுக்கும், விடிய விடிய லோரி ஓட்டுகிறவனுக்கும், தொழிற்சாலையில் இரவு வேலைக்கு மேல் ஓவர்டைமும் பார்க்கிறவனுக்கும் இந்தப் பேச்சு இனிக்கத்தான் செய்யும். இது சோம்பேறிகளின் பழக்கம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நன்றாக உழைக்கிற பிள்ளையையும் இது பிடிக்கும் என்பதை நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சியாபு என்பது மெத்தம்பெட்டமின் என்னும் இரசாயனப் பொருள். உடைந்த கற்கண்டு போல் இருக்கும். ஐஸ் என்றும் சொல்வார்கள். அதையே கஃபீனோடு கலந்து மாத்திரையாக்கினால் பில் குடா, அதாவது குதிரை மாத்திரை. 1893இல் ஜப்பானிய விஞ்ஞானி நாகாய் நாகாயோஷி இதை முதன்முதலில் தயாரித்தார். 1941இல் அந்நாட்டில் இது பிலோபொன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. உழைப்பின்மேல் விருப்பம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயராம் அது! நம் பெரியவர்கள் சப்பான்காரன் காலம் என்பார்களே, அந்தப் போர் ஆண்டுகளில் அவர்களுடைய சிப்பாய்களுக்கும் தொழிற்சாலை ஆட்களுக்கும் தூக்கம் வராதிருக்க இதைக் கொடுத்தார்கள். போர் முடிந்ததும் மிச்சச் சரக்கு ஊருக்குள் பரவியது. அடிமையானவர்களும் புத்தி பேதலித்தவர்களும் பெருகவே, 1951இல் அந்நாடே சட்டம் போட்டுத் தடுத்தது.

உடம்புக்குள் நடப்பது என்ன? நம் மூளையில் டோபமின் என்றொரு பொருள் உண்டு. பசித்தவன் சோற்றைக் கண்டாலும், தாய் தன் குழந்தையின் சிரிப்பைக் கண்டாலும் அது சிறிது சுரந்து மகிழ்ச்சியையும் ஊக்கத்தையும் தருகிறது. குழாயைத் திருகினால் தொட்டித் தண்ணீர் அளவாக வருகிறதல்லவா, அதுபோல. சியாபு குழாயைத் திருகுவதில்லை. தொட்டியின் அடியையே உடைத்துவிடுகிறது. கொக்கேய்னும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் உடம்பில் ஏறிய கொக்கேய்னில் பாதி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நீங்கிவிடும். சியாபுவில் பாதி நீங்கப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அதனால்தான் இரண்டு மூன்று இரவுகள் கண் மூடாமல் இருக்கிறார்கள்.

இதைப் பலம் என்று எண்ணுவது தவறு. களைப்பு என்பது உடம்பு அடிக்கும் மணி. சியாபு அந்த மணி காதில் விழாமல் செய்கிறதே தவிர, உடம்புக்கு ஒரு பிடி சோற்றின் சத்தைக்கூடத் தருவதில்லை. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, இதயம் தறிகெட்டு ஓடுகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. முப்பது வயதுகூட ஆகாதவனுக்கு மாரடைப்பும், மூளையில் இரத்தக் கசிவும் வருவது இப்படித்தான். வெயிலில் உழைப்பவருக்கு இன்னோர் ஆபத்து. சியாபு உடம்பின் சூட்டை ஏற்றும். தாகமும் களைப்பும் தெரியாது. அந்நிலையில் நடுப்பகலில் குலை வெட்டினால், சூடு 40 பாகைக்கு மேல் போய், தசைகள் சிதைந்து, சிறுநீரகம் பழுதாகலாம். சிறுநீர் கோப்பி ஓ நிறத்தில் போனால் ஒரு நாழிகையும் தாமதிக்கக் கூடாது.

வீட்டிலுள்ளோர் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. பசி போய்விடும், உடல் மெலியும், வாய் உலர்ந்து பற்கள் சொத்தையாகும். தோலுக்கடியில் பூச்சி ஊர்வதாகச் சொல்லிச் சொறிந்து புண்ணாக்கிக்கொள்வார்கள். போதை இறங்கியதும் ஒரு நாள், இரண்டு நாள் அடித்துப்போட்டாற்போல் தூக்கம். பிறகு தாங்க முடியாத மனச்சோர்வு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரக்கூடிய நேரம் அது. அப்போது அவரைத் தனியே விடாதீர்கள்.

எல்லாவற்றிலும் கொடியது சந்தேகம். பெற்ற தாய் சோற்றில் விஷம் வைத்துவிட்டாள் என்பான். யாரோ பேசும் குரல் கேட்கிறது என்பான். சுவருக்குப் பின்னால் ஆள் நிற்கிறது என்று பாராங்கைத் தூக்குவான். பேய் பிடித்துவிட்டது, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று நம்மவர்கள் சாமியாடியைத் தேடி ஓடுகிறார்கள். கோயிலுக்குப் போவதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் இது மூளையில் ஏற்பட்ட கோளாறு; முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை. அந்த நேரத்தில் அவனோடு வாதாடாதீர்கள், கட்டிப்போட்டு அடிக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு 999க்கு அழையுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 50 கிராம் சியாபு ஒருவரிடம் இருந்தாலே கடத்தல்காரர் என்று நம் நாட்டுச் சட்டம் அனுமானிக்கிறது. கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்டாலும், மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இன்னும் உண்டு. கூட்டாளிக்காகப் பொட்டலம் வைத்திருக்கிறேன் என்பவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இந்த அச்சத்தாலேயே பல பெற்றோர் வாய் திறப்பதில்லை. ஆனால் போதைப் பழக்கத்துக்கு ஆளானவர் தாமாகவே முன்வந்து சிகிச்சை கேட்க 1983ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. ஏ.ஏ.டி.கே. எனப்படும் தேசிய போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனத்தின் அலுவலகத்தில் கேட்கலாம். அரசாங்கக் கிளினிக்கிலும் விசாரிக்கலாம். ஹெராயினுக்கு மெத்தடோன் இருப்பதுபோல் சியாபுவுக்கு மாற்று மருந்து இல்லை. ஆலோசனையும், நல்ல உணவும், தூக்கமும், வீட்டார் துணையுந்தான் சிகிச்சை. ஆறு மாதத்தில் பையன் பழையபடி ஆகவில்லையே என்று மனம் உடைய வேண்டாம். ஓராண்டுக்கு மேல் விலகியிருந்தவர்களின் மூளை ஓரளவு தேறி வருவதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். மருத்துவரிடம் போகும்போது என்ன பொருள், எத்தனை காலமாக, கடைசியாக எப்போது என்னும் மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.