வழிமாறும் அழைப்பு



வீட்டார் வெளியே சென்றிருக்கும் வேளையில் விருந்தினர் வந்தால், அயல்வீட்டார் அவரை அழைத்து இருக்கச்செய்து, வந்த செய்தியைக் கேட்டுவைப்பது நம்மவர் வழக்கம். தொலைபேசிக்கு நெடுங்காலம் அப்படியோர் அயலவர் இருக்கவில்லை. மணி ஒலிக்கும், எடுப்பாரில்லையேல் ஓய்ந்துவிடும். அழைத்தவர் யார், எதற்காக அழைத்தார் என்பதை அறிய வழியில்லை. இக்குறையைத் தீர்க்க வந்த வசதிகள் இரண்டு. ஒன்று, நமக்கு வரும் அழைப்பை வேறோர் இலக்கத்துக்குத் திருப்பிவிடுதல். மற்றையது, அழைத்தவரின் பேச்சைப் பதிந்துவைக்கும் குரல் அஞ்சல். இவை எவ்வாறு இயங்குகின்றன, இவற்றால் விளையும் நன்மை யாது, காக்க வேண்டிய எச்சரிக்கை யாது என்பனவற்றை இன்று நோக்குவோம்.

பழைய தானியங்கித் தொலைபேசி நிலையங்களில் அழைப்பைத் திருப்புதல் எளிதன்று. அவற்றின் அடிப்படைக் கருவிக்கு 1891ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் கன்சாஸ் நகரத்தில் ஈமக்கிரியைத் தொழில் நடத்திவந்த அல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர். நாம் இலக்கத்தைச் சுழற்றச் சுழற்ற, நிலையத்திலுள்ள இரும்புக் கை ஒன்று படிப்படியாக நகர்ந்து, குறித்த கம்பியைச் சென்று தொடும். ஆகவே அக்காலத்தில் இலக்கம் என்பது ஓர் இடம். அந்த இடத்திலே எந்த வீட்டுக் கம்பி பொருத்தப்பட்டிருந்ததோ, அந்த வீட்டு மணியே ஒலிக்கும்.

1965ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்துச் சக்கசன்னா என்னும் ஊரிலே மின்னணு முறையில் இயங்கும் தொலைபேசி நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. அங்கு இரும்புக் கையின் வேலையை நினைவகம் ஏற்றுக்கொண்டது. அழைப்பு வந்ததும், "இவ்விலக்கத்தை எங்கே சேர்ப்பது?" என்று நிலையம் தன் பதிவேட்டைப் பார்க்கும். பதிவேட்டிலே ஒரு குறிப்பை மாற்றினால் போதும். அழைப்பு வேறிடம் செல்லும். இடமாக இருந்த இலக்கம் இவ்வாறு வெறும் பெயராயிற்று. அழைப்பைத் திருப்பும் கலை முழுவதும் இந்த ஒரு மாற்றத்திலேயே அடங்கியுள்ளது.

இலங்கையில் தொலைபேசி இணைப்பொன்றைப் பெற ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த காலம் நம்மிற் பலருக்கு நினைவிருக்கும். 1989இல் செல்டெல் நிறுவனம் கையடக்கத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கிற்று. 1991இல் அரசாங்கத் திணைக்களமாயிருந்த தொலைத்தொடர்பு கூட்டுத்தாபனமாயிற்று. 1995இல் இன்று டயலொக் எனப்படும் நிறுவனம் ஜீ.எஸ்.எம். முறையைக் கொண்டுவந்தது. அம்முறையிலே அழைப்பைத் திருப்புதல் தொடக்கத்திலிருந்தே வகுத்தமைத்த வசதியாகும்.

திருப்புதல் நால்வகைப்படும். எல்லா அழைப்புகளையும் எப்போதும் திருப்புதல் முதல்வகை. நாம் வேறொருவரோடு பேசிக்கொண்டிருக்கையில் திருப்புதல் இரண்டாவது. மணி ஒலித்தும் எடாதபோது திருப்புதல் மூன்றாவது. தொலைபேசி அணைந்திருக்கும்போதோ அலை எட்டாதபோதோ திருப்புதல் நான்காவது. பொரளை லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலே நோயுற்ற குழந்தையின் அருகே ஒரு தாய் அமர்ந்திருக்கிறாள் என்று கொள்வோம். அவள் தன் தொலைபேசியை அணைக்குமுன் நான்காம் வகையை ஏற்படுத்திவிட்டால், வெளிநாட்டிலிருந்து கணவன் எடுக்கும் அழைப்பு கொட்டாஞ்சேனையிலுள்ள தமக்கையிடம் சேரும். பதறிய தகப்பனுக்கு மறுமொழி சொல்ல ஒருவர் இருப்பார். இங்கே ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். அழைப்பவர் செலுத்துவது முதல் இலக்கத்துக்கு உரிய கட்டணமே. அங்கிருந்து அப்பாற் செல்லும் பயணத்தின் கட்டணம் பொதுவாகத் திருப்பியவரையே சாரும்.

குரல் அஞ்சலும் திருப்புதலின் ஒரு வகையே. அழைப்பு மனிதரிடம் செல்லாது, நிறுவனத்தின் பதிவுப் பொறியிடம் செல்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த வால்டமார் போல்சன் 1898இலேயே உருக்குக் கம்பியிலே காந்தத்தால் குரலைப் பதியும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பல பேருடைய செய்திகளை ஒரே பொறியிற் சேர்த்துவைக்கும் முறைக்கு அமெரிக்கரான கோர்டன் மத்தியூஸ் 1983இல் உரிமை பெற்றார். நம் நாட்டில் இது பெருவழக்காகவில்லை. பொறியோடு பேச நமக்குக் கூச்சம். ஒருமுறை மணியடித்து நிறுத்தினால் மற்றவர் திரும்ப அழைப்பார் என்பதே நம்மவர் உடன்பாடு.

இனி எச்சரிக்கைக்கு வருவோம். திருப்பும் கட்டளை நம் கையிலுள்ள கருவியிற் பதிவதன்று. நிறுவனத்தின் பதிவேட்டிலே பதிவது. ஆகவே தொலைபேசியை அணைத்தாலும், புதிய கருவி வாங்கினாலும் அது நீங்காது. வஞ்சகர் இதனை நன்கறிவர். "உங்கள் இணைப்பிலே பழுது இருக்கிறது", "உங்களுக்குப் பொதி ஒன்று வந்திருக்கிறது" என்று கூறி, 21 என்னும் எண்ணின் முன்னே இரண்டு உடுக்குறியும் பின்னே ஓர் இலக்கமுமாக அழுத்தச் சொல்வர். அழுத்தியவர் தம் அழைப்புகள் அனைத்தையும் அவர்களிடமே ஒப்படைத்தவராவார். எழுத்துச் செய்திகள் இவ்வாறு திரும்புவதில்லை என்பது உண்மை. ஆயினும் இரகசியக் குறியீட்டை அழைப்பெடுத்துக் குரலாலே சொல்லும் சேவைகளும் உள. வாட்ஸ்அப் அவற்றுள் ஒன்று. அக்குரல் வஞ்சகர் காதில் விழுமாயின் கணக்கும் அவர் கையதாகும். இத்தகைய மோசடிகளைக் கருதியே இந்தியத் தொலைத்தொடர்புத் துறை, குறியீடு அழுத்தித் திருப்பும் வசதியை 2024 ஏப்பிரல் 15 முதல் நிறுத்திவைக்கும்படி நிறுவனங்களுக்குப் பணித்தது.

குரல் அஞ்சலுக்கும் காவல் வேண்டும். இங்கிலாந்திலே பத்திரிகை ஒன்றின் செய்தியாளர்கள் பிறருடைய குரல் அஞ்சற் பெட்டிகளிற் புகுந்து செய்திகளை ஒட்டுக்கேட்டனர். பலர் நிறுவனம் தொடக்கத்திற் கொடுத்த இரகசிய எண்ணை மாற்றாது விட்டிருந்தமை அவர்களுக்கு வாய்ப்பாயிற்று. அவ்விவகாரத்தால் நியூஸ் ஒவ் த வேர்ல்ட் என்னும் அப்பத்திரிகை 2011 யூலையில் மூடப்பட்டது.

காவல் செய்வது கடினமன்று. கையடக்கத் தொலைபேசியிலே *#21# என்று அழுத்தினால், நம் அழைப்புகள் முழுவதும் எங்கேனும் திருப்பப்பட்டுள்ளனவா என்பது தெரியவரும். ##002# என்று அழுத்தினால் எல்லாத் திருப்பங்களும் நீங்கும். குரல் அஞ்சலுக்குச் செல்லும் வழியும் அவற்றோடு நீங்கும் என்பதை மறவாதீர்கள். வீட்டு நிலையான தொலைபேசிக்கு முறை வேறாகலாம். நிறுவனத்தாரிடமே கேட்டறிதல் நன்று. அறியாத ஒருவர் சொன்னார் என்பதற்காக எந்தக் குறியீட்டையும் அழுத்தாதீர்கள்.

சிறப்பாக, பிள்ளைகள் கடல்கடந்து வாழ, தனியே இருக்கும் முதியவர்களுக்கு இவற்றை எடுத்துச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தொலைபேசி ஒன்றே உறவின் வாசல். மகளின் குரலுக்காகக் காத்திருக்கும் தாயிடம் இளையோர் ஒருவர் ஐந்து நிமிடம் அமர்ந்து, இவ்விரு குறியீடுகளையும் பெரிய எழுத்திலே எழுதித் தொலைபேசியின் அருகே ஒட்டிவைத்தால், அது பேருதவியாகும். நம்மைத் தேடி வருபவரை அயலவர் வரவேற்கலாம். ஆனால் அந்த அயலவர் யார் என்பதைத் தீர்மானிப்பவர் நாமாகவே இருத்தல் வேண்டும்.