இருமும் குதிரைக்கு ஓய்வு கொடுங்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை அனுப்புகிறவர்கள் கவனமாகக் கேளுங்கள்.

2008 ஜூனில் ஜம்முவை அடுத்த கட்ராவில் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் வறட்டு இருமலும் கடுங்காய்ச்சலுமாகத் துவண்டன. காரணம், எச்3என்8 என்னும் குதிரைக் காய்ச்சல் வைரஸ். நோய் பல மாநிலங்களுக்குப் பரவியது. ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம், கட்ராவில் கிடைத்த வைரஸைக் கொண்டே தடுப்பூசியைப் புதுப்பித்தது.

இந்த வைரஸ் தொற்றிய ஓரிரு நாளிலேயே உடல் அனலாய்க் கொதிக்கும், மூக்கு ஒழுகும், குதிரை தீனி எடுக்காது. இருமும்போது காற்றில் பரவும். ஒரே வாளியில் தண்ணீர் காட்டினாலும், ஒரே கடிவாளத்தை மாற்றி மாற்றிப் பூட்டினாலும், பராமரிப்பவரின் கை, உடை வழியாகவும் அடுத்த குதிரைக்குத் தொற்றும்.

புதிதாக வாங்கிவந்த குதிரையை இரண்டு, மூன்று வாரம் தனியே கட்டுங்கள். வாளி, கடிவாளம், தேய்க்கும் பிரஷ் எல்லாம் ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனியாக இருக்கட்டும். நோயுற்றதைக் கடைசியாகக் கவனித்து, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். காய்ச்சல் நின்றதும் ஊர்வலத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். காய்ச்சலடித்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாரம் ஓய்வு தேவை. நுரையீரல் தேற அவ்வளவு நாளாகும்.

தடுப்பூசி பற்றி அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்திலோ, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கேளுங்கள். இருமல் கேட்ட அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்; உங்கள் குதிரையோடு பக்கத்து லாயமும் பிழைக்கும்.